ரயில் நின்னு போச்சு, நிலம் யாருக்கு?

அமெரிக்கால கனெக்டிகட் பக்கம் ஃபார்மிங்டன் கால்வாய்னு ஒண்ணு இருந்துச்சு, 1828ல படகு ஓட ஆரம்பிச்சு 1835ல மாசசூசெட்ஸ் மாநிலத்துல இருக்கற நார்த்தாம்ப்டன் வரைக்கும் போச்சு, ஆனா வருமானமே இல்லாம 1840கள் கடைசில அதே தடத்துல தண்டவாளம் போட்டுட்டாங்க. அப்புறம் 1980கள்ல ரயிலும் போயிடுச்சு. இப்போ பெரும்பகுதி நடக்க, சைக்கிள் ஓட்டன்னு அருமையான பாதை.

ஆனா இந்த மாதிரி தடம் எதை எடுத்தாலும் கேள்வி கடைசில பத்திரத்துலதான் வந்து நிக்கும். சில இடத்துல கம்பெனி நிலத்தையே கிரயம் பண்ணியிருக்கும், சில இடத்துல ரயில் போக வழி பாத்தியம் மட்டும்தான் வாங்கியிருக்கும். பாத்தியம் மட்டும்னா ரயில் நின்னதும் நிலம் பழைய சொந்தக்காரர் வாரிசுக்கோ அவங்ககிட்ட வாங்கினவங்களுக்கோதானே வரணும்? நடுவுல எத்தனை கை மாறியிருக்கும், தாய்ப்பத்திரத்தைத் தோண்டி எடுத்தாதான் தெரியும்.

1983ல அரசாங்கம் ஒரு சட்டத்திருத்தம் கொண்டு வந்துச்சு, பின்னாடி ரயில் திரும்ப வரலாம்னு தடத்தை நடைபாதையா வச்சிருந்தா அது கைவிட்டதா ஆகாது, அதனால நிலமும் சொந்தக்காரருக்குத் திரும்பாது. எனக்கு இது நல்ல யோசனையாத்தான் படுது, ஏன்னா ஒரு தடம் துண்டு துண்டாப் போச்சுன்னா மறுபடி சேர்க்கவே முடியாது. ஆனா வெர்மான்ட்ல பர்லிங்டன்ல ஒரு குடும்பத்தோட நிலத்துல 1975லயே தண்டவாளத்தைப் பிடுங்கிட்டாங்க, அப்புறம் அதையே பொதுப் பாதையாக்கினா அவங்க சும்மா இருப்பாங்களா? சுப்ரீம் கோர்ட் 1990ல சட்டம் செல்லும், வேணும்னா நஷ்டஈடு கேளுங்கன்னு சொல்லிடுச்சு. நஷ்டஈடு கொடுத்தே ஆகணும்னு அப்பீல் கோர்ட் தீர்ப்பு வர 1996 ஆச்சு. ஆறு வருஷம்! அதுவும் தொகை எவ்ளோன்னு முடிவாகாமலே. இதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

2014ல வயோமிங் மாநிலத்துலேர்ந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன ஒரு கேஸ்ல இன்னும் தெளிவாச்சு. அரசு நிலத்துல ரயிலுக்கு வழி விட்ட 1875 சட்டப்படி அரசு கொடுத்தது பாத்தியம் மட்டும்தான், கைவிட்டா அரசுக்குத் திரும்பாது, இப்போதைய நிலத்துக்காரருக்குத்தான்னு எட்டு நீதிபதிங்க ஒரு பக்கம், ஒருத்தர் மறுபக்கம்னு தீர்ப்பு. நடைபாதை ஆளுங்க பலர் அதிர்ந்துட்டாங்க, அந்தக் கவலை எனக்கும் புரியுது. ஆனாலும் பாதை வேணும்னா பொதுப்பணத்துல முதல்லயே விலை கொடுத்துட்டு வேலியைப் பிரிக்கணும், நிலத்துக்காரர் வருஷக்கணக்கா கோர்ட் வாசல்ல நிக்கக்கூடாது.