நான்கு மீட்டர் வரிசையும் ஒரு டிராக்டரும்: தோப்பு நாட்குறிப்பு

17.8.2025, ஞாயிறு

நேற்று வாடகைக்கு வந்த 47 குதிரைத்திறன் டிராக்டர் கொய்யா வரிசைகளுக்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டுப் போன தடத்தை இன்று விடிந்ததும் நடந்து பார்த்தேன். பதினோரு மரங்களில் கிளை முறிந்திருக்கிறது. ஒரு மரத்தில் மூன்று விரற்கடை நீளத்துக்குப் பட்டை உரிந்து, உள்ளே பச்சை ஈரம் தெரிந்தது. எறும்பு அதற்குள் வந்து சேர்ந்துவிட்டது. சொட்டுநீர்க் குழாய் ஆறு இடங்களில் அறுந்து கிடக்கிறது. ஓட்டிய தம்பியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வண்டியின் அகலம் ஏறத்தாழ ஆறு அடி, அதை உள்ளே விட்டது நான். கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் நடுவில் இருக்கும் இந்தச் செம்மண் தோப்பு இப்போது ஏழு ஏக்கர். பக்கத்தில் வாங்கிய ஐந்து ஏக்கரிலும் நட்டுவிட்டால் பன்னிரண்டாகிவிடும். சொந்த வண்டி இல்லாமல் இனி ஓடாது.

24.8.2025, ஞாயிறு

ஏக்கரைச் சொல்லிக் குதிரைத்திறனைக் கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். ஆகவே இன்று அளவு நாடாவோடு தோப்புக்குப் போனேன். மா வரிசைகளுக்கு இடையே எட்டு மீட்டர் இருப்பதால் அங்கே கவலையில்லை. கொய்யா வரிசைகளின் இடைவெளி நான்கு மீட்டர். மூன்றாம் ஆண்டு மரங்கள் இரு பக்கமும் 1.30 மீட்டர் கிளை விட்டிருப்பதால் நடுவில் மிஞ்சுவது 1.40 மீட்டர்தான். புது நிலத்தில் ஐந்துக்கு ஐந்து மீட்டரில், ஏக்கருக்குச் சுமார் 160 மாங்கன்று நடுவதாகத் திட்டம். அவை வளர்ந்த பின் எவ்வளவு கிளை வெட்டிக் கவாத்து செய்தாலும் ஒன்றரை மீட்டர் வழி கிடைத்தால் பெரிது. கன்று சிறிதாக இருக்கும்போது எந்த வண்டியும் உள்ளே போகும், அதை நம்பி வாங்கியவர்கள்தான் ஐந்தாம் ஆண்டில் கிளையை வெட்டுவதா வண்டியை விற்பதா என்று நிற்கிறார்கள்.

31.8.2025, ஞாயிறு

இந்த வழிக்குள் நுழையும் சின்ன வண்டிதான் வேண்டும் என்றேன், அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அது பிடிக்கவில்லை. "பொம்மை மாதிரி இருக்குதப்பா, 45 எச்.பி. எடுத்தா நம்ம வேலை போக ஊருக்கும் உழுது வாடகை பார்க்கலாமுல்ல" என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. முதல் மழை விழுந்ததும் கண்மாய்ப் பாசன வயல்காரர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் டிராக்டர் தேடுவார்கள். ஆனால் அதே வாரத்தில்தான் எங்கள் தோப்பிலும் களை முளைத்து நிற்கும். வாடகைக்கு ஓட்டுவது தனித் தொழில், அதற்கென்று ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நானில்லை. மேலும், இரண்டு டன் கனமுள்ள வண்டி ஈரமான மண்ணில் மாதம் ஒரு முறை போய்வந்தால் மேல்மண்ணுக்குக் கீழே தளம் போட்டதுபோல் இறுகிவிடும். எங்கள் மண் காய்ந்தாலே கடப்பாரை கேட்கும் மண். புது நிலத்தில் சீமைக்கருவேல் தூரைப் பிடுங்குவதும் குழி எடுப்பதும் ஒரு தடவை வேலை. அதற்குப் பெரிய இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், வேளாண்மைப் பொறியியல் துறையே அப்படித் தருகிறது.

4.9.2025, வியாழன்

நேற்றைய ஜி.எஸ்.டி. மன்றக் கூட்டத்தில் வரியைக் குறைத்துவிட்டார்கள். டிராக்டருக்கு 12 விழுக்காடாக இருந்தது 22ஆம் தேதி முதல் 5 ஆகிறது. நான் பார்த்துவைத்த சின்ன வண்டிக்கு வரியோடு சொன்ன விலை 5,60,000 ரூபாய். அடிப்படை விலை மாறாமல் இருந்தால் 5,25,000 ஆக வேண்டும். முன்பணம் கொடுக்கப் புறப்பட்டவன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

14.9.2025, ஞாயிறு

இரண்டு வண்டிகளைத் தோப்புக்கே வரவழைத்து ஓட்டிப் பார்த்தாயிற்று. 18 குதிரைத்திறன் வண்டி வரிசைக்குள் பாம்புபோல் நுழைந்தது. ஆனால் காற்றடித்து மருந்து தெளிக்கும் கருவியை மாட்டியதும் மூச்சு வாங்கியது. இஞ்சினில் எழுதியிருக்கும் திறன் முழுவதும் பின்னால் வராது, பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு, அதிலும் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் வேகத்தை விட்டு இறங்கினால் மருந்து மாவின் உச்சிக் கொப்புக்கு எட்டாது. நான்கு சக்கரமும் இழுக்கும் 27 குதிரைத்திறன் வண்டி அதே கருவியை இலகுவாக ஓட்டியது. வெளிச்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரம் வரை அளந்தேன், 1.10 மீட்டர். மண்ணைக் கிளறும் நாலடி ரோட்டவேட்டர் 1.20 மீட்டர் என்பதால் டயர் மிதித்த தடத்தையும் சேர்த்துக் கிளறிவிடும். கருவி டயரைவிடக் குறுகலாக இருந்தால் இரண்டு ஓரமும் மிதிபட்டபடியே கிடக்கும். புகைக்குழாய் மேலே நிமிராமல் கீழே படுத்திருக்கிறதா என்பதையும் பார்த்தேன். கிளைக்கடியில் போகிற வண்டிக்கு அது சின்ன விஷயமில்லை.

தண்ணீர் வண்டியில்தான் தடுமாறினேன். சித்திரையில் கிணறு இறங்கும்போது 2,000 லிட்டர் தொட்டி இழுக்க ஆசை. தண்ணீர் மட்டும் இரண்டு டன், டிரெய்லரோடு 2.7 டன் ஆகும், முன்னால் இழுப்பதோ ஒரு டன்னுக்கும் குறைந்த வண்டி. சமதரையில் இழுத்துவிடும். கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது பின்னாலிருக்கும் பாரம் முன்னால் இருப்பதைத் தள்ளும், பிரேக் பிடித்தாலும் சறுக்கும். 1,000 லிட்டர் தொட்டி போதும், இரண்டு நடை நடக்கலாம் என்று முடிவு செய்தேன்.

2.10.2025, வியாழன்

விஜயதசமி. 27 குதிரைத்திறன் வண்டி வந்தது. விலை கணக்குப்படியே குறைந்தது. அப்பச்சி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, இருக்கையை ஒரு முறை அழுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை.

12.10.2025, ஞாயிறு

மழைக்கு முந்திய களை முடிந்தது. மாவின் உணவு வேர்கள் மேலாகவே படர்ந்திருப்பதால் ரோட்டவேட்டரை மூன்று அங்குலத்துக்கு மேல் இறக்கவில்லை. கொய்யாவில் ஒரு கிளைகூட முறியவில்லை, குழாயும் அறவில்லை. ஆனால் நான் அளக்க மறந்த இடம் ஒன்று இருந்தது: வரிசை முடிந்து வேலிக்கு முன் வண்டி திரும்பும் இடம். தனி வண்டி ஒரே வளைவில் திரும்புகிறது. பின்னால் தெளிப்பானை மாட்டினால் மூன்று முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருக்கிறது. கிழக்கு ஓரத்தில் ஒவ்வொரு வரிசையின் கடைசி மரத்தையும் எடுத்தாக வேண்டும். புது நிலத்தில் வேலியிலிருந்து ஐந்து மீட்டர் விட்டே முதல் குழிக்கு முளைக்குச்சி அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.