முதல் ஈ.பி. (சில பாட்டு மட்டும் உள்ள சின்ன ஆல்பம்) ரெக்கார்ட் பண்ணப் போறீங்களா?

ஸ்வீடன் சகோதரிகளின் 'ஃபர்ஸ்ட் எய்ட் கிட்' இசைக்குழு 2008-ல் கொண்டுவந்த முதல் ஈ.பி. 'ட்ரங்கன் ட்ரீஸ்'. இண்டி ஃபோக் பண்றவங்க அதை ஹெட்போன்ல கேளுங்க. ரெண்டு பெண் குரல்களோட சேர்மானம்தான் அதுக்கு உயிர். அந்தச் சேர்மானத்தைப் பதிவு பண்றதுலதான் பலர் கோட்டை விடுறாங்க.

ரெண்டு பேரும் ஒரே அறையில பாடினா, மைக் வாய்க்கு 20 செ.மீ. தூரம்னா ரெண்டு மைக்குக்கும் நடுவுல 60 செ.மீ.யாவது விடுங்க. நெருக்கினா ஒருத்தர் குரல் அடுத்தவர் மைக்ல கொஞ்சம் தாமதமா விழுந்து, கலக்கும்போது குரல் மெலிஞ்சு டப்பாவுக்குள்ள பாடின மாதிரி ஆகிடும். மிக்ஸிங்ல சரிபண்ணலாம்னு நம்பாதீங்க, முழுசா சரியாகாது.

கிட்டார் மைக்கை சவுண்ட் ஹோலுக்கு நேரா வைக்காதீங்க, பேஸ் குமுறும். கிட்டார் கழுத்துல இருக்குற 12-வது ஃப்ரெட்டைப் பார்த்து ஓர் அடி தள்ளி வையுங்க. புதுக் கம்பியை முந்தின நாளே மாட்டிடுங்க. அன்னைக்கே மாட்டினா பாட்டு நடுவுல சுருதி இறங்கும்.

மாஸ்டரிங்ல, அதாவது மிக்ஸிங் முடிஞ்சு கடைசியா மெருகேத்துறப்போ, சத்தத்தை ஏத்தி நசுக்குறது வீண் வேலை. ஸ்பாட்டிஃபை எப்படியும் -14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேக்குற சத்தத்தை அளக்குற அலகு) அளவுக்குக் குறைச்சிடும், விரலால மீட்டுற நயம்தான் போகும். ஸ்பாட்டிஃபையோட பிளேலிஸ்ட்டுக்குப் பாட்டை அனுப்பணும்னா வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்னாடி அனுப்பிடுங்க.