60 மைக்ரோவாட்

கதிரியக்க மருந்தை உடலில் செலுத்திக் கட்டிகளைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் பிரிவில் வேலை என்று சொன்னதும், விவரம் தெரிந்தவர்கள் கேட்பது இதைத்தான்: அங்கே பயன்படும் எதிர்ப்பொருளிலிருந்து (சாதாரணப் பொருளைத் தொட்டால் இரண்டும் அழிந்து ஆற்றலாகிவிடும்) மின்சாரம் எடுக்க முடியாதா? கணக்கு ஆசை காட்டத்தான் செய்கிறது. 1 கிராம் எதிர்ப்பொருள் 1 கிராம் பொருளோடு சேர்ந்து அழிந்தால் 180 டெராஜூல், அதாவது 5 கோடி யூனிட். சிங்கப்பூர் முழுவதற்கும் ஏறக்குறைய எட்டு மணி நேரத்துக்குப் போதும்.

சிரிஞ்சில் வருவதோ வேறு கணக்கு. குளுக்கோஸ் போன்ற மருந்தில் ஏற்றி ஒருவருக்குச் செலுத்தும் 370 மெகாபெக்கரல் (நொடிக்கு 37 கோடி அணுச் சிதைவு) கதிரியக்க ஃபுளோரின்-18, நொடிக்குச் சுமார் 36 கோடி பாசிட்ரான்களை, அதாவது எலக்ட்ரானின் எதிர்ப்பொருள் துகள்களை, உமிழ்கிறது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் தாண்டுவதற்குள் ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிந்து, எதிரெதிர்த் திசையில் இரண்டு காமா கதிர்களாகிறது. ஒவ்வொன்றும் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட். மொத்தத் திறன் 60 மைக்ரோவாட். கடைசி அணு சிதையும்வரை கூட்டினாலும் அரை ஜூலுக்குச் சற்று மேல்தான். ஒரு குவளை தே தாரேக்கை (பால் தேநீரை) ஆயிரத்தில் ஒரு டிகிரிகூட அது சூடாக்காது. இதைத் தயாரிக்கிற சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியோ கிலோவாட் கணக்கில் மின்சாரம் குடிக்கிறது!

இங்கே சிக்கனம் பார்க்க வேண்டியது நேரத்தை. அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதையும் நேரம், 110 நிமிடம். நோயாளி 55 நிமிடம் தாமதித்தால் 29 விழுக்காடு மருந்து சிரிஞ்சிலேயே கரைந்திருக்கும். அதைவிட மோசம், கடிகாரப் பிசகு. மருந்தை அளக்கும் கருவியின் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் 10 நிமிடம் முன்பின்னாக ஓடினால், கட்டி உறிஞ்சிய அளவில் 6 விழுக்காடு பிழை வரும். படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஊசி போட்டபின் சிரிஞ்சில் தங்கியதை அளந்து கழிக்க மறந்தாலும் இதே கதைதான்.

“ஒண்ணும் சாப்பிடல தம்பி, தே மட்டும்தான் குடிச்சேன்” என்பது அடிக்கடி காதில் விழும். பாலும் சீனியும் போட்ட தே, ஆறு மணி நேரப் பட்டினியைக் கெடுத்துவிடும். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 11 மில்லிமோலுக்கு மேலிருந்தால், மருந்தோடு அந்தச் சர்க்கரை போட்டி போடும். அவசரத்துக்கு இன்சுலின் கொடுத்தால் மருந்தெல்லாம் தசைக்குப் போய்விடும். ஏர்கான் குளிரில் உடலைச் சூடாக்கும் கழுத்தின் பழுப்புக் கொழுப்பு விழித்துக்கொண்டு, நிணநீர்க் கணுபோல மின்னும். ஆகவே கம்பளி, 60 நிமிட ஓய்வு, பேச்சு கூடாது. பேசினால் குரல்வளைத் தசையும் ஒளிரும்.

புதிதாகச் சேருபவர்கள் எக்ஸ்ரே ஏப்ரனைத் தேடுவார்கள். அரை மில்லிமீட்டர் ஈயம் இந்தக் கதிரில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தடுக்காது. பாதியாக்கவே சுமார் 5 மில்லிமீட்டர் வேண்டும். டங்ஸ்டன் உறை, தூரம், விரைவான கை, இவைதான் பாதுகாப்பு. பிற்பகல் 3 மணிக்கு மூடிய கழிவுப் பெட்டி, மறுநாள் காலை 9.20க்கு 1024இல் ஒரு பங்காகியிருக்கும். அப்போதும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும்.