நம்ம ரத்தத்துக்கு ஒன்றும் ஆகாதாம்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவன் காதில் அடிக்கடி விழும் வசனம் ஒன்று உண்டு: "கள்ளு குடிச்சு வளந்த ஒடம்புங்க, சளிக்கெல்லாம் அசையாதுங்க." சொல்பவர் பெரும்பாலும் இருமிக்கொண்டேதான் சொல்வார். கொரோனா வந்து, தமிழ்நாடு-கேரள எல்லையான வேலந்தாவளம் செக்போஸ்டில் பாஸ் கேட்டு நம்மை நிறுத்தி வைத்த காலத்திலும் இந்தப் பெருமைக்குக் குறைச்சல் இல்லை.

2021 மே மாதம் என் மாமன் மகன்கள் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் கொரோனா. பெரியவன் தென்னந்தோப்பு வேலையில் இறுகிய உடம்பு. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. சின்னவன் ஒல்லி, பீடி வேறு. அவனுக்கு மூக்கு ஒழுகியதோடு சரி. பெரியவன் விரலில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை மாட்டினேன்: 84. மிஷின் கோளாறோ என்று என் விரலில் மாட்டிப் பார்த்தால் 98. திரும்ப அவனுக்கு மாட்டினால் 83. "களைப்புதான் மச்சான், மூச்செல்லாம்..." என்று ஆரம்பித்தவனால் அதை முடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துப் பிழைத்து வந்தான்.

கண்ணு பட்டுவிட்டது என்பது அத்தையின் கட்சி. எனக்கு அது போதவில்லை, தேடிப் படித்தேன்.

வைரஸ் உள்ளே நுழைந்ததும் நுரையீரல் செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடும். ஒரு வீட்டில் "பாம்பு!" என்று கத்தினால் தெருவே கதவைச் சாத்துகிற மாதிரி, பக்கத்து செல்கள் உஷாராகும். இந்த ஏற்பாட்டுக்குப் பொறுப்பான ஜீன்களில் ஏதாவது ஒன்று பழுதானால் எச்சரிக்கை தாமதமாகும், சிலருக்கு வரவே வராது. பிரான்சில் ஃப்ளூ காய்ச்சலில் நுரையீரல் மோசமான ஒரு சின்னப் பெண்ணைப் பற்றி 2015-இல் எழுதினார்கள். ஐஆர்எஃப்7 என்ற ஜீனின் இரண்டு பிரதிகளுமே அவளுக்கு வேலை செய்யவில்லை. அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. அவர்களுக்கு ஆளுக்கொரு நல்ல பிரதி இருந்ததால் தப்பித்துவிட்டார்கள்.

நெதர்லாந்து சேதி என்னை இன்னும் நெருங்கி வந்து தொட்டது. 2020-இல் இரண்டு குடும்பங்கள், இரண்டிலும் அண்ணன் தம்பிகள், நான்கு பேருமே இளவட்டங்கள். கொரோனாவில் நான்கு பேரும் ஐசியுவுக்குப் போனார்கள், ஒருவர் இறந்தார். காரணம் டிஎல்ஆர்7 என்ற ஜீனில் இருந்த பழுது. அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில், அதாவது ஜீன்களைச் சுமக்கும் இழைகளில் ஒன்றில், இருக்கிறது. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று என்பதால் பழுதானால் மாற்றுக்கு ஆள் இல்லை.

இதெல்லாம் அபூர்வம். என் மாமன் மகனுக்கு யாரும் ஜீன் பரிசோதனை செய்யவும் இல்லை. பரவலாக இருப்பது வேறொன்று, நம் ஊர்ப் பெருமையில் மண்ணைப் போடுவதும் அதுதான். மூன்றாவது குரோமோசோமில் ஒரு டிஎன்ஏ துண்டு சிலருக்கு இருக்கிறது. அது இருப்பவர்களுக்குக் கொரோனா முற்றும் ஆபத்து கூடுதல். எப்போதோ அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்த துண்டு அது என்று ஆராய்ச்சியாளர்கள் ஹ்யூகோ ஸீபெர்க்கும் ஸ்வாந்தே பாபோவும் 2020-இல் காட்டினார்கள். ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம் பேரிடம் இருக்கிறது. தெற்காசியாவில் பாதிப் பேரிடம். சரிதான், நம்ம ரத்தம் விசேஷம்தான்! மறுபக்கமும் சொல்ல வேண்டும்: அதே மூதாதையரிடமிருந்து வந்த, 12-ஆவது குரோமோசோமில் உள்ள இன்னொரு துண்டு ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. அப்புறம், வயது என்ற ஒன்று இந்தத் துண்டுகள் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து.

எனக்கு உபயோகப்பட்டது டென்மார்க்கில் தத்துப்பிள்ளைகளைப் பற்றி 1988-இல் வெளிவந்த ஆய்வு. பெற்றவர்களில் ஒருவர் 50 வயதுக்குள் தொற்றுநோயில் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கும் தொற்றில் சாகும் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல். வளர்த்தவர்களின் சாவுக்கு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

அதனால் ஆடி மழையில் காய்ச்சல் மாத்திரை கேட்டு வருபவர்களிடம் ஒரு கேள்வி போடுகிறேன்: "உங்க சொந்தத்துல யாராவது சின்ன வயசுலயே நெஞ்சுச்சளி முத்தி ஐசியு வரைக்கும் போனாங்களாங்க?" ஆமாம் என்றால் ஆக்ஸிமீட்டரை மாட்டிவிட்டு, மாத்திரையோடு அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பிவைக்கிறேன். பாராசிட்டமால் கேட்டால் பரம்பரையை விசாரிக்கிறான் என்று எதிர் டீக்கடையில் பேச்சு. சின்னவன் மட்டும் நான் சொல்லாமலே வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறான். பீடியைத்தான் விடவில்லை.