லைசோசைம் படிகம்: தட்டு போடுவதிலிருந்து நொதியின் வேலையை அளப்பது வரை

புரதப் படிகவியலுக்குள் (புரதத்தைப் படிகமாக்கி அதன் வடிவத்தை அறியும் துறை) வருகிறவர்கள் கையில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் கோழிமுட்டை வெள்ளைக்கருவின் லைசோசைம்தான். 129 அமினோ அமிலங்கள், 14.3 கிலோடால்டன் மூலக்கூறு எடை, நான்கு டைசல்ஃபைடு (கந்தக-கந்தக) பிணைப்புகள். எக்ஸ்-கதிர் மூலம் முப்பரிமாண வடிவம் தெரியவந்த முதல் நொதியும் இதுவே. 1965-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவிட் ஃபிலிப்ஸ் குழுவினர் செய்த வேலை அது. சுலபமாகப் படிகமாகும் புரதம் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் பொடிப் பொடியாக வருவதும், கண்ணுக்குத் தெரிகிற அளவில் நாலைந்து நல்ல படிகங்கள் வருவதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் தட்டு போடுவதற்கு (படிகம் வளரக் குழித்தட்டில் புரதத்தையும் உப்பையும் வைப்பதற்கு) முந்தைய அரை மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

லைசோசைம் பொடி மைனஸ் 20 டிகிரியில் இருக்கும். வெளியே எடுத்ததும் புட்டியைத் திறக்காதீர்கள். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் உள்ளே இறங்கிப் பொடி கட்டிதட்டும். 50 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் 20 மில்லிமோலார் சோடியம் அசிடேட் பஃபரில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல், பி.எச். 4.6) கரைக்கிறோம். வோர்டெக்ஸ் (வேகமாக அதிர்த்துக் கலக்கும் கருவி) வேண்டாம். நுரை வந்தால் புரதம் காற்றுப் பரப்பில் விரிந்து கெடும். அந்தத் துணுக்குகளே பிறகு வேண்டாத இடத்தில் படிக விதைகளாகும். குழாயைக் கையில் வைத்து மெதுவாக உருட்டினாலே போதும். பிறகு 13,000 ஆர்.பி.எம்.மில் 10 நிமிடம் சுற்றி, 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்ட வேண்டும். இந்த ஒரு படியை விட்டாலே சொட்டு முழுக்கப் பொடிப் படிகம்தான்.

தராசில் நிறுத்த எடையை அப்படியே நம்பாதீர்கள். பொடியில் உப்பும் ஈரமும் சேர்ந்திருக்கும். 100 மடங்கு நீர்த்து 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் லைசோசைம், 1 செ.மீ. குவெட்டில் (ஒளி அளக்கும் சின்னக் கலம்) 2.64 காட்டும். அதன்படி 50 மில்லிகிராம் கரைசல் 100 மடங்கு நீர்த்தபின் 1.32 காட்ட வேண்டும். 1.1 வந்தால் கையில் இருப்பது 42 மில்லிகிராம்தான்.

தட்டு 24 குழிகள் கொண்டது. இடமிருந்து வலமாக ஆறு பத்திகளில் சோடியம் குளோரைடு 3 முதல் 8 சதவீதம். மேலிருந்து கீழாக நான்கு வரிசைகளில் புரதம் மில்லிலிட்டருக்கு 20, 30, 50, 75 மில்லிகிராம் (75-க்கு மட்டும் தனியாகக் கெட்டியான கரைசல் வேண்டும்). குழிக்கு 500 மைக்ரோலிட்டர். 5 சதவீதக் குழிக்கு 20 சதவீத உப்புக் கரைசல் 125, 1 மோலார் அசிடேட் 50, தண்ணீர் 325 மைக்ரோலிட்டர். மற்றக் குழிகளில் உப்பும் தண்ணீரும் மட்டும் மாறும். ஊற்றியபின் குழியைப் பிப்பெட்டால் நன்றாகக் கலக்க வேண்டும். கனமான உப்புக் கரைசல் அடியில் தங்கிவிடும், மேலிருந்து எடுத்தால் சொட்டுக்குப் போவது வெறும் பஃபர்.

குழி விளிம்பில் சிலிகான் கிரீஸ் வளையம். சிலிகான் பூசிய கவர்சிலிப்பில் (மெல்லிய கண்ணாடித் தகடு) 2 மைக்ரோலிட்டர் புரதம், அதன்மேல் 2 மைக்ரோலிட்டர் குழிக் கரைசல். குமிழி வரக்கூடாது, பிப்பெட்டைக் கடைசிச் சொட்டுவரை அழுத்தாமல் இருந்தால் வராது. ஒரே அசைவில் குழியின்மேல் கவிழ்த்து, மெதுவாக அழுத்திச் சிறிது திருப்பினால் கிரீஸ் மூடிக்கொள்ளும். சொட்டில் உப்பு குழியில் உள்ளதில் பாதிதான் இருக்கிறது. நீராவி சொட்டிலிருந்து குழிக்குப் போய்க்கொண்டே இருக்க, சொட்டு சுருங்கிச் சுருங்கிப் புரதமும் உப்பும் சேர்ந்து ஏறும். இந்த மெதுவான ஏற்றம்தான் படிகம் வளர இடம் கொடுக்கிறது. கிரீஸில் முடியளவு இடைவெளி இருந்தாலும் இரண்டே நாளில் சொட்டு காய்ந்துவிடும்.

தட்டை வைக்கும் இடம் 18 முதல் 20 டிகிரியில் நிலையாக இருக்க வேண்டும். இரவில் ஏ.சி. அணைந்தால் காலையில் படிகங்களின் மூலைகள் மழுங்கியிருக்கும்: வெப்பம் கூடக் கூட லைசோசைமின் கரைதிறனும் கூடும். 25 டிகிரியைத் தாண்டினால் வழக்கமான டெட்ராகோனல் படிக வடிவத்துக்குப் பதில் ஆர்தோராம்பிக் என்ற வேறு வடிவம் வரத் தொடங்கும். தெர்மோகோல் பெட்டிக்குள் தட்டை வைப்பது சின்ன ஏற்பாடுதான், பெரிய வித்தியாசம் தரும்.

மறுநாளே பார்க்கலாம். பல குழிகளில் பொடி மழை என்றால் புரதத்தைக் குறையுங்கள். மூன்று நாளாகியும் தெளிவாக இருந்தால் உப்பைக் கூட்டுங்கள். பெரும்பாலும் 50 மில்லிகிராம், 5 அல்லது 6 சதவீத உப்பில்தான் நல்ல முகங்கள் கொண்ட படிகங்கள் கிடைக்கின்றன.

வந்தது புரதமா, உப்பா? நுண்ணோக்கியில் குறுக்குப் போலரைசரில் (ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு ஒளி வடிகட்டிகளுக்கு நடுவில்) பளபளத்தால் உப்பு என்று பலர் முடிவு கட்டுவார்கள். இங்கே அது நேர்மாறு. சோடியம் குளோரைடு கனசதுரப் படிகம் என்பதால் எந்தக் கோணத்திலும் இருட்டாகவே நிற்கும். டெட்ராகோனல் லைசோசைம்தான், அதன் நீள அச்சு வழியாகப் பார்க்காதவரை, மங்கலாக ஒளிரும். பாலிஸ்டைரீன் தட்டும் தானாகவே வண்ணம் காட்டும், ஆகவே கவர்சிலிப்பைத் தூக்கிக் கண்ணாடிமேல் வைத்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் மெத்திலீன் நீலச் சாயம் மிகச் சிறிது சேர்க்கலாம். புரதப் படிகத்துக்குள் நீர்க்கால்வாய்கள் இருப்பதால் சாயம் உள்ளே ஏறி, சுற்றியுள்ள சொட்டைவிடப் படிகம் நீலமாகும். உப்பு நிறம் ஏற்காது.

ஆனால் வடிவம் சரியாக இருப்பது பாதிதான், நொதி வேலை செய்ய வேண்டும். சாயம் படாத படிகங்களை அதே குழிக் கரைசலில் மூன்று முறை கழுவி, குளிர்ந்த 66 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்ஃபேட்டில் (பி.எச். 6.2) கரைக்கிறோம். பாலிப்ரொப்பிலீன் குழாய்தான் வேண்டும். லைசோசைமின் சமமின் புள்ளி (மொத்த மின்சுமை பூஜ்யமாகும் பி.எச்.) சுமார் 11; நேர்மின்சுமை மிகுந்த புரதம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், நீர்த்த கரைசலில் அந்த இழப்பு பெரிது.

மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் உலர்செல் 15 மில்லிகிராமை 100 மில்லிலிட்டர் அதே பஃபரில் கலக்கினால் 450 நானோமீட்டரில் 0.6 முதல் 0.7 காட்டும். அதில் 2.5 மில்லிலிட்டர், 25 டிகிரியில், 0.1 மில்லிலிட்டர் நொதிக் கரைசல். நொதி மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம். உறிஞ்சல் நிமிடத்துக்கு 0.001 குறைந்தால் அது நொதியின் ஒரு அலகு. நொதியின் பள்ளத்தில் குளுட்டாமிக் அமிலம் 35-ம் அஸ்பார்டேட் 52-ம் சேர்ந்து செல்சுவரின் சர்க்கரைப் பிணைப்பை வெட்டுவதால்தான் கலங்கல் தெளிகிறது. ஆனால் செல்கள் அடியில் படிந்தாலும் உறிஞ்சல் குறையும். நொதிக்குப் பதில் பஃபர் சேர்த்த குவெட்டை 5 நிமிடம் ஓட்டி, அந்தக் குறைவைக் கழித்தால்தான் எண் உண்மையானது. அப்படிக் கழித்த பின்னும், கழுவிய படிகத்தின் ஒரு மில்லிகிராமுக்கான அலகு, அளந்து கரைத்த பொடியின் அலகைவிடக் குறைந்தால், நுரையையும் கண்ணாடிக் குழாயையும்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.