கையெழுத்து மட்டும் போட்ட படிவம்

சென்ற ஆண்டு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தபோது நான் வெளியூரில் இருந்தேன். கிளம்பும் அவசரத்தில், பிராக்ஸி என்று எல்லோரும் சொல்லும் பதிலாள் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு, யார் பெயரையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டேன். திரும்பி வந்து கூட்டக் குறிப்பைப் படித்தபோது, பழுதடைந்த லிஃப்டை மாற்றுவதை மேலும் ஓராண்டு தள்ளிவைக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக என் வாக்கும் எண்ணப்பட்டிருந்தது. படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து நீல மையில் இருந்தது; பதிலாளின் பெயர் கறுப்பு மையில், எனக்குப் பழக்கமில்லாத கையெழுத்தில் இருந்தது. வீட்டு எண்ணும் தேதியும் சரியாக இருந்ததால் ஆட்சேபிக்கவும் வழியில்லை.

பதிலாள் கை தூக்கினால் அது நாம் தூக்கிய கைதான். எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களிக்க வேண்டும் என்று எழுதாமல் கொடுத்தால், முடிவு முழுவதும் அவருடைய விருப்பத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே ஆதரவு, எதிர்ப்பு, அவர் விருப்பம் என ஏதேனும் ஒன்றை நம் கையாலேயே எழுதுவதும், எந்தத் தேதிக் கூட்டத்துக்கு மட்டும் இது செல்லும் என்று குறிப்பிடுவதும் அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்கும் முன்னால் சங்க விதிகளைப் படிக்க வேண்டும். நேரில் வந்தால்தான் வாக்கு என்று சொல்லும் சங்கங்களும் உண்டு. பதிலாளும் ஓர் உரிமையாளராகவே இருக்க வேண்டும் என்பனவும் உண்டு. படிவத்தைச் செயலாளரிடம் எப்போதுக்குள் ஒப்படைக்க வேண்டும், கூட்டு உரிமையாளர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டுமா, பராமரிப்புக் கட்டணப் பாக்கி இருந்தால் வாக்கு உண்டா என்பவையும் அங்கேதான் இருக்கும்.

ஒருவரே கட்டுக்கட்டாகப் படிவங்களை வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு வரம்பு கட்டியிருக்கிறது: 20 அல்லது அதற்குக் குறைவான மனைகள் (வீடு போன்ற தனி உரிமைப் பகுதிகள்) கொண்ட அடுக்குமாடித் திட்டத்தில் ஒருவர் ஒரே ஒரு உரிமையாளருக்கு மட்டுமே பதிலாளாகலாம்; அதற்கு மேற்பட்டால் மொத்த மனைகளில் 5 விழுக்காடு வரை. இப்படியொரு விதியை எங்கள் சங்கத்திலும் சேர்க்கக் கோரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த ஆண்டும் என்னால் போக இயலவில்லை. படிவத்தை முழுமையாக நிரப்பி, ஒரு நகலை எடுத்துக்கொண்டு, கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, “லிஃப்ட் தீர்மானத்தில் கூட்டத்திலேயே திருத்தம் கொண்டுவந்தால் நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். அதற்கான வரியை அங்கேயே எழுதிச் சேர்த்து, பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் போட்டேன்.