153 மீன்களும் மீதிக் கணக்கும்

விசுவாசத்தையும் கல்வியையும் இணைப்பது என்றால் கணிதக் கொப்பியின் தலைப்பில் ஒரு வேதவசனத்தை எழுதிவிடுவது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். கடந்த வாரம், இங்கே திருகோணமலையில், என் தரம் 5 பிள்ளைகள் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டார்கள்.

கிறிஸ்தவ பாடவேளையில் யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை வாசித்தோம். இரவு முழுவதும் ஒன்றும் அகப்படாத சீடர்கள், கரையில் நின்ற இயேசுவின் சொற்படி வலப்புறம் வலை வீச, 153 பெரிய மீன்கள் அகப்படுகின்றன. சீடர்கள் 7 பேர் என்பதால் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். ஆளுக்கு 21, மீதி 6 என்று எல்லோரும் சரியாகவே எழுதினார்கள். அப்போது, தகப்பன் கரைவலை இழுக்கும் ஒரு பையன் எழுந்து, “சம்மாட்டியாருக்குப் பங்கு வைக்காமல் எப்பிடி ரீச்சர் பிரிக்கிறது?” என்று கேட்டான். சம்மாட்டியார் என்றால் வலையின் சொந்தக்காரர். மீதி 6 மீன்களும் யாருக்கு என்ற விவாதம் அதன்பின் மணி அடிக்கும்வரை நடந்தது. கடலுக்குப் போக ஆளில்லாத வீட்டுக்கு என்றாள் ஒருத்தி. கரையில் நெருப்பு மூட்டிச் சாப்பாடு ஆயத்தம் செய்தவருக்கு என்றான் இன்னொருவன். புலமைப்பரிசில் பரீட்சைக்கு வராத கேள்விதான், ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் மிசன் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கீழ் வந்துவிட்டன; அவரவர் சமயத்தை அவரவர் பாடவேளையில் கற்பதே நம் ஒழுங்கு, அதுவே நியாயமும்கூட. ஆகவே இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் திரும்பி வந்து அமர்ந்தபின், வேதாகமத்தைக் குறிப்பிடாமல், அதையே கரைவலைக் கணக்காகக் கொடுத்தேன். மீதியைப் பற்றிய சண்டை அங்கேயும் வந்தது.